இடம் சொல்லாத ரேடியோ

ஷிபெனிக்
6 ஏப்ரல் 2014

அக்கா,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்று தடவை ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தையும் நீ கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு கண் ஓட்டிவிட்டுத்தான் கிழிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

கல்லறையில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "உன் ரெண்டு ஒயருதான்டா அவரக் கொன்னுச்சு. இனிமே இந்தத் தீவுல கால வைக்காத." அத்தானின் பெட்டியை இன்னும் குழிக்குள் இறக்கவில்லை, அங்கே நின்றுகொண்டு என்ன பேசுவது? மாலைக் கப்பலிலேயே ஏறி வந்துவிட்டேன். நம் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

துறைமுக ஆபீஸ் தாதியா அன்றைக்குச் சொன்னதை நானும் கேட்டேன். மார்ச் பதினொன்று, காலை ஒன்பது நாற்பதுக்கு ரேடியோவின் சிவப்புப் பொத்தானை அத்தான் அழுத்தியிருக்கிறார். அழைப்பு வந்து சேர்ந்திருக்கிறது. 'லாஸ்தா' படகின் எண் வந்திருக்கிறது. எந்த இடம் என்று காட்ட வேண்டிய கட்டத்தில் வெறும் கோடுகள்தான் வந்திருக்கின்றன. அதன் பிறகு பாட்டரி தண்ணீரில் மூழ்கி ரேடியோ செத்துவிட்டது. எருதுப் பாறைப் பக்கம் போனும் எடுக்காது.

அந்த இடத்தைக் கொண்டு போய்ச் சேர்க்கிற வேலை இரண்டு மெல்லிய ஒயர்களுடையது. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. கடல் வரைபடம் காட்டும் திரை இருக்கிறதல்லவா, படகு எங்கே நிற்கிறது என்று அதற்குத்தான் தெரியும். ரேடியோவுக்குத் தானாகத் தெரியாது. திரை அதன் காதில் நொடிக்கொரு தடவை ஓதிக்கொண்டே இருக்க வேண்டும். ஓதுவது அந்த இரண்டு ஒயர்கள் வழியாக. அவற்றை இணைத்தவன் நான். 2012 பிப்ரவரியில் மூன்று நாள் லாஸ்தாவின் வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்து செய்த வேலை. அத்தான் கதவில் சாய்ந்துகொண்டு கிண்டலடித்தார். "இவ்ளோ ஒயரு எதுக்கு மச்சான்? எங்கப்பா ஒரு காம்பஸ வச்சே எழுபது வயசு வரைக்கும் ஓட்டினாரு." கடைசி நாள் திரையைப் போட்டு, ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். ரேடியோவின் முகத்தில் இடத்தின் எண்கள் வந்தன. நீயும் அப்போது பொரித்த மத்தி மீனோடு கரையில் நின்றாய். பார்த்தாய்.

நான் குற்றமற்றவன் என்று சொல்ல வரவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். படகைப் பழைய மரமாக யாருக்காவது கொடுப்பதற்கு முன், ரேடியோவுக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல். நான்கு ஸ்குரூதான். மஞ்சள் ஒயரும் பச்சை ஒயரும் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ரோக்கோ

*

24 ஏப்ரல் 2014

ரோக்கோ,

பண்டிகை நாளில் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஈஸ்டர் முடியும் வரை பேசாமல் இருந்தேன். இப்போது முடிந்துவிட்டது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் இரண்டு பக்கம் ஒயர். மஞ்சளாம், பச்சையாம். என் புருஷன் செத்துக் கிடக்கிறான், நீ எனக்குப் பாடம் நடத்துகிறாய்.

தண்ணீர் பதிமூன்று டிகிரி என்று தாதியா சொன்னான். எனக்கு டிகிரி தெரியாது. மறுநாள் படகுத்துறைக்குப் போய் ஒரு வாளி மொண்டு வந்து, சமையலறையில் உட்கார்ந்து கையை உள்ளே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் என்னுடையவையாக இல்லை. அவர் அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறார். படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு வெளியே போகும் ஓட்டையின் அடைப்பு விட்டுப்போய்ப் பின்பக்கமாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மரப் படகு என்பதால் முழுகாமல் விளிம்பு வரை அமிழ்ந்து நின்றதாம். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கரைக்குக் கொண்டு வந்தபோது டாக்டர் பார்த்துவிட்டு, கண்டெடுத்த நேரத்தில் உயிர் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்றார். அரை மணி நேரம், ரோக்கோ. உன் ஒயர் வேலை செய்திருந்தால் பத்தரைக்குள் மீட்புப் படகு அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். நான் அவரைப் போர்வையில் சுற்றித் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

மீட்புப் படகு தெற்கே விளக்கு முனையைச் சுற்றிச் சுற்றித் தேடியது. அவர் இருந்தது நேர் எதிரே, வடமேற்கில், எருதுப் பாறைக்கு அந்தப் பக்கம். தெற்கே போகிறேன் என்றுதான் என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தீவில் எவன் சிங்கி இறால் கிடைக்கிற இடத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்? சாகும்போது மகன் காதில் சொல்வார்கள். எங்களுக்கு மகனும் இல்லை.

கூஸ்மா அண்ணன் மட்டும் தன்னுடைய மெதுவாக ஊர்கிற பழைய படகை எடுத்துக்கொண்டு வடமேற்கே போனார். எதற்கு அந்தப் பக்கம் போனார் என்று அவருக்கே தெரியவில்லையாம். அந்தோணியார்தான் வழி காட்டினார் என்று ஊரே சொல்கிறது. அவர்தான் கண்டுபிடித்தார், அவர்தான் படகையும் இழுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் விறகு கொண்டு வந்து போடுகிறார், மீன் தருகிறார், ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டுப் போகிறார். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. வேறு ரத்தம். நீ என் ரத்தம், ஒயரின் நிறத்தை விசாரிக்கிறாய்.

பலகையை யாரும் கழற்றப் போவதில்லை. லாஸ்தா கரையில் சாய்ந்து கிடக்கட்டும். இனி எழுதாதே.

பெரினா

*

ஷிபெனிக்
18 மே 2014

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். சின்ன வயதில் நீ சொன்னதை எத்தனை கேட்டிருக்கிறேன், இதைக் கேட்பதற்கு?

வாளித் தண்ணீரைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் போனேன், ஆனால் வேலை செய்ய அல்ல. இந்தப் பத்து வருடத்தில் நான் ஒயர் போட்ட படகுகள் எங்கெங்கே நிற்கின்றனவோ அங்கெல்லாம் போய்ப் பலகையைக் கழற்றி ஒவ்வோர் ஒயராக இழுத்துப் பார்க்கிறேன். வேர் பிடித்திருக்கிறதா என்று செடியை இழுத்துப் பார்ப்பது மாதிரி. ஐம்பத்தொரு படகு ஆகிவிட்டது. ஒன்றுகூடக் கையோடு வரவில்லை. ஓர் ஆஸ்திரியாக்காரர், "இது உத்தரவாத வேலையா, இல்லை பில் போடுவாயா?" என்று கேட்டார். தூக்கம் வராத வேலை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

ரேடியோ வேலை கேட்டு வருபவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுகிறேன். விளக்கு, பம்பு, குளிர்பெட்டி, இவ்வளவுதான் இப்போது. திருப்பி அனுப்பியவர்களிடம் காரணம் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரியும், ஒன்றும் கேட்பதில்லை.

நீ நம்ப வேண்டாம், ஆனால் கேட்டுக்கொள். நான் ஒயரை இணைக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். முறுக்கி, ஈயம் வைத்து, அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கி இறுகிக்கொள்ளும் கறுப்பு உறை. உறைக்கு மேல் இன்னோர் உறை. கடல் காற்றுக்குப் பயந்து செய்வது. என் இணைப்பு விட்டுப்போயிருந்தால் அந்த உறை அங்கேயே இருக்கும், அதிலிருந்து ஒயர் மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கும். ஒயரின் செம்பு பச்சை பூத்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எழுது. அத்தானைக் கொன்றவன் நான்தான் என்று நானே தாதியாவிடம் எழுதிக் கொடுக்கிறேன்.

அடிப்பிடித்த சட்டியைக்கூட அடியைத் திருப்பிப் பார்க்காமல் நீ வெளியே எறிந்ததில்லை. இதை மட்டும் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாய்?

ரோக்கோ

*

27 ஜூன் 2014

ரோக்கோ,

பார்த்துவிட்டேன். சந்தோஷமா?

நேற்றுக் காலை சமையலறை ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். படகுத்துறையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், கறுப்பு உடுத்தியவள் படகுக்குள் ஏறி என்ன செய்கிறாள் என்று. நாலு ஸ்குரூ என்றாய். மூன்று உப்பில் துருப்பிடித்துத் தலை போய்விட்டன. பலகையைப் பெயர்த்துத்தான் எடுத்தேன். உள்ளே ஒரு நண்டு செத்துக் காய்ந்திருந்தது.

நீ சொன்ன மஞ்சளும் இருந்தது, பச்சையும் இருந்தது. இணைத்தே இல்லை. இரண்டும் நடுவில் துண்டாக இருந்தன. நாலு முனைகள். ஒவ்வொரு முனையிலும் நீல டேப் சுற்றி, மடித்து, ஓரமாகச் செருகி வைத்திருந்தது. அவ்வளவு அழகாக. தானாக விட்டுப்போனது இல்லை அது. நீ இணைக்காமலே விட்டிருக்கிறாய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றி வைத்துவிட்டு, பலகையை மூடி, எங்கள் வீட்டு மீனைத் தின்றுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறாய். ரேடியோவில் எண்கள் வந்தது எனக்கு நினைவில்லை. நீ வேறு எதையாவது காட்டியிருப்பாய். எனக்கு என்ன தெரியும்?

ஒயரை அப்படியே வெட்டி எடுத்து வந்து சமையலறை மேசையில் வைத்திருக்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. முதலில் பார்த்தது கூஸ்மா அண்ணன். "பாருங்கண்ணே, என் தம்பி வேலைய," என்றேன். எடுத்து நீல டேப்பைத் தடவிப் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. வெளி ஆளுக்கே தாங்கவில்லை பார்.

ஐம்பத்தொரு படகை இழுத்துப் பார்த்தாயாமே. ஐம்பத்திரண்டாவதை இழுக்க வேண்டிய தேவையே இல்லை, கையிலேயே வருகிறது.

எழுதிக் கொடுக்கிறேன் என்றாயே, எழுது.

பெரினா

*

ஷிபெனிக்
13 ஜூலை 2014

அக்கா,

என் பெட்டியில் நீல டேப் இருந்ததே இல்லை. கறுப்பு உறைதான், வேறு எதுவும் கிடையாது. நீல டேப் அத்தானுடையது. துடுப்புப் பிடியில் சுற்றியிருப்பார், தோட்டத்துக் குழாயில் சுற்றியிருப்பார், உடைந்த மூக்குக் கண்ணாடியில்கூடச் சுற்றியிருந்தார். நீ போய்ப் பார், உன் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும். நான் போட்ட இணைப்பை நடுவில் வெட்டி, முனைகளுக்கு டேப் சுற்றி வைத்தது அத்தான்தான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாக நிறுத்தத்தான் பார்த்தேன். கை வரவில்லை.

வெட்டச் சொன்னது நான்.

போன ஆகஸ்டில், ஒரு மத்தியானம், அத்தான் போன் பண்ணினார். சீசன் நேரம், ஒரு பாய்மரப் படகின் எஞ்சின் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். அத்தானுக்குக் கோபம் தாங்கவில்லை.

"மச்சான், உன் ரேடியோ ஒரு கோள்சொல்லிடா!"

"என்ன அத்தான் ஆச்சு?"

"கூஸ்மா அதே கம்பெனி ரேடியோ வாங்கியிருக்கான். அவன் அங்கேருந்து என் நம்பரப் போட்டுக் கேட்டா, என் ரேடியோ என்னை ஒரு வார்த்த கேக்காம, நான் நிக்கிற எடத்த அவனுக்குச் சொல்லிடுது! நேத்துப் போனா, என் எடத்துல அவன் வலை கெடக்கு. எருதுப் பாறைக்குப் பின்னால, எங்கப்பா எனக்குக் காட்டின எடம்டா அது!"

உண்மைதான். அந்த ரேடியோவில் அப்படி ஒரு வசதி உண்டு. இன்னொரு படகு கேட்டால் தானாகவே இடத்தைச் சொல்லும். ஆபத்து நேரத்துக்கு என்று வைத்தது. சொல்லாதே என்று மாற்றிவைக்க ரேடியோவின் அமைப்புப் பட்டியலிலேயே ஒரு வரி இருக்கிறது. போனிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அத்தானுக்கு அந்தப் பட்டியலுக்குள் நுழைந்து பழக்கமில்லை, பொறுமையாகச் சொல்ல எனக்கு நேரமில்லை. படகின் சொந்தக்காரர் மேலே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்தேன், அக்கா. "அந்த மஞ்சளையும் பச்சையையும் வெட்டிப் போட்டுருங்க அத்தான், அது வாயடைச்சுப் போயிரும். செப்டம்பர்ல வந்து சரி பண்ணித் தர்றேன்," என்றேன்.

செப்டம்பரில் போகவில்லை. அக்டோபரில் காற்று என்று சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நினைவே இல்லை, ரக்கியா குடித்துவிட்டுச் சீட்டாடினோம். அத்தானும் கேட்கவில்லை. இடம் தெரியவில்லை என்று அந்த ரேடியோ சில மணி நேரத்துக்கு ஒரு தடவை முனகியிருக்கும். அவர் ஒரு பொத்தானை அழுத்தி அதை அடக்கிவிட்டுப் போயிருப்பார்.

கல்லறையில் நீ திட்டியபோதே எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் மூன்று மாதமாக உன்னிடம் ஒயரைப் பார், ஒயரைப் பார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா? என் இணைப்பு பழுதாகி விட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஆசை. அத்தான் என் பேச்சைக் கேட்காமல் வெட்டாமலே விட்டிருப்பார், என் கைவேலைதான் கெட்டுப்போயிருக்கும் என்று நம்பப் பார்த்தேன். கைத்தவறு என்றால் எவனுக்கும் வருவது. இது என் வாயிலிருந்து வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னது.

கல்லறையில் நீ சொன்னது சரி. தாதியாவுக்கும் எழுதிவிட்டேன். இதே தபாலில் போகிறது.

ரோக்கோ

*

2 நவம்பர் 2014
கல்லறைத் திருநாள்

ரோக்கோ,

காலையில் பூசைக்குப் போய், கல்லைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒயரை வெட்டச் சொன்னாயே, அந்த வரி இல்லை. கூஸ்மாவின் வலை எருதுப் பாறைக்குப் பின்னால் கிடந்தது என்று எழுதியிருந்தாயே, அது.

தெற்கே போகிறேன் என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனதாக எழுதினேன். பொய். அவர் என்னிடம் ஒரு நாளும் பொய் இடம் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடமும் காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, என் பக்கம் குனிந்து, இன்றைக்கு எங்கே என்று காதில் சொல்லிவிட்டுத்தான் போவார். வேறு எந்தப் பெண்டாட்டிக்கும் கிடைக்காத மரியாதை அது. நானும் காப்பாற்றினேன். கடையில் கேட்பார்கள், கோயில் படியில் கேட்பார்கள், "யாக்ஷா இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று. கண்ணைச் சிமிட்டாமல் எதிர்த் திசையைச் சொல்வேன். சாயங்காலம் அவரிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

அன்றைக்கும் காதில் சொன்னார். "எருதுப் பாறைக்கு மேற்க. தெக்குக் காத்து எழும்புறதுக்குள்ள வந்துர்றேன்."

ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தபோது சமையலறையில் கூஸ்மா உட்கார்ந்திருந்தார். வாளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நோட்டம் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தாதியா கேட்டான். "அக்கா, லாஸ்தாவுலேருந்து அபாய அழைப்பு வந்திருக்கு. எடம் வரல. கூப்பிட்டா பதில் இல்ல. மாமா எந்தப் பக்கம் போனாரு?"

கூஸ்மாவின் காது போன் பக்கமே இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "தெக்க, விளக்கு முனைப் பக்கம்."

யோசிக்கவே இல்லை, ரோக்கோ. யாராவது கேட்டால் அப்படித்தான் வரும். சொல்லி முடித்த பிறகும் பெரிதாகத் தெரியவில்லை. முந்தின வருடம் அவர் ரேடியோவைத் துடைக்கப் போய் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, மூன்று படகு ஓடிவந்து, ஒரு மாதம் ஊரே அவரைக் கேலி செய்தது நினைவிருக்கிறதா? அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லாததற்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன்.

கூஸ்மா காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார். பத்தே முக்காலுக்குத் தாதியா மறுபடி கூப்பிட்டான். "அக்கா, நிச்சயமா தெக்குதானே? அங்க ஒண்ணையும் காணோம்." அதற்குள் காற்று எழும்பிவிட்டது. அடுத்த வீட்டு டிங்காவும் அவள் நாத்தனாரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது மாற்றிச் சொன்னால், முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள். மீட்புக்காரனிடமே பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். "தெக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாரு," என்றேன்.

கூஸ்மா அந்தப் பக்கம் எப்படிப் போனார் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தோணியார் என்றார்கள், எனக்கும் அது வசதியாக இருந்தது. உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது. டேப்பைப் பார்த்த நாளிலிருந்து அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன வாரம் நானே போனேன். வலை முடைந்துகொண்டிருந்தார்.

"கூஸ்மாண்ணே, உங்களுக்கு அந்த எடம் முன்னாடியே தெரியும்ல?"

ஊசியைக் கீழே வைத்தார். "தெரியும். ரேடியோல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் அது பதில் சொல்றத நிறுத்திருச்சு. வெட்டிட்டான்னு அப்பவே புரிஞ்சுது."

"நான் தெக்குன்னு சொன்னப்போ?"

"பொய்னு தெரியும். நீ என்னைக்கு நெசத்தச் சொல்லியிருக்க?"

"அப்ப ஏன் வாயத் தொறக்கல? அங்கேயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேகப் படகு அரை மணியில போயிருக்குமே!"

"எப்படித் தெரியும்னு கேப்பியே, பெரினா. உன் வீட்டுல உக்காந்துக்கிட்டு, உன் புருஷன் எடத்துல வலை போட்டவன் நான்தான்னு எப்படிச் சொல்ல? நானே போய்க் கூட்டிட்டு வந்துர்லாம்னு நெனச்சேன். என் படகுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு."

சொல்லிவிட்டு அழுதார். பெரிய ஆள், அறுபத்து மூன்று வயது, மூக்கை வலையிலேயே துடைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. திட்டவும் முடியவில்லை. அவரைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது?

உன்னைத் திட்டினேனே, அதைத்தான் சொல்ல வந்தேன். அன்றைக்குக் கல்லறையில் தாதியா ஒயர் என்று ஒரு வார்த்தை சொன்னான், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நீ என் எதிரில் நின்றாய். உன்னை எவ்வளவு சத்தமாகத் திட்டுகிறேனோ அவ்வளவுக்கு யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்று இருந்தது. ஒயர் வெட்டியிருந்தாலும் நான் நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். நீ அனுப்பியதைத் தாதியா என்னிடம் காட்டினான். கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, என்னுடையதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ரேடியோ வேலையை விட்டுவிடாதே. வருவதானால் வா, படுக்கை போட்டு வைக்கிறேன். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தாதியாவுக்கு எழுதியதில்கூட எழுதவில்லை. அதையும் படித்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று முடிவு பண்ணு.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தாங்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். டிங்கா காதில் விழக் கூடாது என்று மாவு மூட்டைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு துறைமுகத்துக்கு அடித்தேன். எருதுப் பாறை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தாதியா முந்திக்கொண்டான். "அக்கா, நானே கூப்பிட இருந்தேன். கூஸ்மா கண்டுபிடிச்சுட்டாரு. மாமா... எருதுப் பாறைக்கு மேற்க இருந்திருக்காரு."

உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை, ரோக்கோ.

"அங்கேயா போனாரு?" என்று கேட்டேன்.

பெரினா